தொண்ணூற்றாறு மதிப்பெண் சோகம்

ஒரு பாட்டைக் கேட்கும்போது ஒருத்தி சிரிக்கிறாள் என்றால், அது சோகப் பாட்டா, இல்லையா? கத்தரி அக்கா இதைக் கேட்டபோது, "பாட்டைப் பொறுத்ததுக்கா" என்று சமாளித்தேன். "பாட்டைப் பத்தி உன்கிட்ட யாரு கேட்டா? சிரிக்கிறவளைப் பத்திக் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

கத்தரி என்பது அவளுடைய பெயர் இல்லை. ரெடிமேட் சட்டை தைக்கும் கம்பெனியில், துணி வெட்டும் மேஜையில் பல வருஷம் நின்றவள். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே நடுவில் புகுந்து வெட்டிவிடும் பழக்கமும் உண்டு. பெயர் எதனால் வந்தது என்பதில் இரண்டு கட்சி இருக்கிறது. ஒருநாள் கம்பெனிக்குத் தானாகவே துணி வெட்டும் மிஷின் வந்து இறங்கியது. மேஜைக்காரர்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துக் கைதட்டச் சொன்னார்கள். எல்லோரும் நன்றாகவே தட்டினார்கள். அடுத்த வாரம் மேஜை இல்லை.

அவளுடைய கணவர் வேலைக்கென்று வேறு ஊர் போனவர், அங்கேயே வேறு குடும்பத்தோடு தங்கிவிட்டார். யாராவது விசாரித்தால், "அவருக்கு அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கிச்சு" என்பாள். பேச்சு அத்தோடு முடியும்.

அவளும் பத்தாவது படிக்கும் மகளும் அண்ணன் வீட்டு ஹாலில் இருந்தார்கள். அண்ணி கெட்டவள் இல்லை. ஹால்தான் கெட்டது. சமையலறைக்குப் போகிறவர்கள், குளியலறைக்குப் போகிறவர்கள், செருப்பைத் தேடுகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் வழி. அண்ணன் டிவியை அணைக்கும்வரை பாயை விரிக்க முடியாது. அண்ணனோ டிவி முன்னாலேயே தூங்கிவிடுகிற ஆள். அணைத்தால் மட்டும் உடனே விழித்து, "பாத்துட்டுதானே இருக்கேன்" என்பார். மகள் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு துப்பட்டாவைக் கட்டி, அதற்குப் பின்னால்தான் உடை மாற்றுவாள், படிப்பாள், கோபித்துக்கொள்வாள். ஒருநாள் துப்பட்டாவைத் தோய்க்க எடுத்த அண்ணியிடம், "அத்தை, அது என் கதவு" என்றாள். அண்ணி சிரித்துவிட்டாள். கத்தரி அக்கா சிரிக்கவில்லை. அன்றைக்கே வீடு பார்க்கக் கிளம்பினாள்.

பக்கத்துத் தெருவில் ஒரு சலவைக்கடை. அதன் மாடியில் ஓர் அறை, ஒரு ஓரத்தில் சமையல் மேடை, தனியாகக் கதவு. வீட்டுக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேலை என்ன?"

"பாட்டு கேக்குற வேலை."

"அது எல்லாரும்தான் கேக்குறோம். சம்பளம் யாரு தர்றா?"

"ஆபீஸ்ல தர்றாங்கம்மா. இன்னும் நிரந்தரம் ஆகல. சோதனைக் காலம்."

"அப்ப உனக்கு இங்கயும் சோதனைக் காலம்தான். மாசக் கடைசிக்குள்ள வேலை நிரந்தரம்னு ஆபீஸ் கடிதம் கொண்டா, சாவி தர்றேன். இல்லன்னா மருந்துக்கடைக்காரர் தம்பி கேட்டுட்டே இருக்காரு. அவரு பாட்டுக் கேக்குறதில்ல. மாத்திரை விக்கிறாரு."

வேலை உண்மையிலேயே பாட்டு கேட்பதுதான். டயர் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் அந்த ஆபீஸ். படியேறும்போதே ரப்பர் வாசனை கூடவே ஏறி வரும். அங்கே சோகப் பாட்டுகளுக்கு மட்டும் ஒரு பெரிய அட்டவணை தயாரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டுக்கு ஒரு வரி. அந்த வரியில் வேகம் எவ்வளவு, சத்தம் எவ்வளவு, குரல் எவ்வளவு, வாத்தியம் எவ்வளவு, ஆடத் தோன்றுமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், கட்டத்தில் ஓர் எண். பாட்டை உள்ளே போட்டால் மிஷினே இந்த எண்களை எல்லாம் அளந்து நிரப்பிவிடும். ஒரே ஒரு கட்டம்தான் அதற்கு எட்டவில்லை. அதன் பெயர் 'மகிழ்ச்சி'. சோகத்திலும் தாங்கக்கூடிய சோகம், தாங்க முடியாத சோகம் என்று உண்டு அல்லவா? தாங்கக்கூடியதற்கு நூறை ஒட்டியும் தாங்க முடியாததற்குப் பூஜ்யத்தை ஒட்டியும் எண் வர வேண்டும். முதலில் கொஞ்சம் பாட்டுகளுக்கு மனிதர்கள் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். அதைப் பார்த்து மிஷின் கற்றுக்கொண்டு மீதி ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்குத் தானே போட்டுவிடும். இன்னொரு மிஷினுக்குக் கற்றுத்தர வந்திருக்கிறோம் என்று கத்தரி அக்காவுக்குத் தெரியும். இந்த முறை கைதட்டச் சொன்னால் தட்டக்கூடாது என்று மட்டும் முடிவு செய்திருந்தாள்.

ஒவ்வொரு பாட்டையும் இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பேசிக்கொள்ளக்கூடாது. இரண்டு மதிப்பெண்ணும் ஒத்துப்போனால் பாட்டு தேறியது. இல்லையென்றால் அது ஓரமாக எடுத்து வைக்கப்படும். கத்தரி அக்காவுக்கு ஜோடியாக வந்தவள் குண்டூசி. அவளும் அதே சட்டைக் கம்பெனிதான், வெட்டிய துணிக்கு ஊசி குத்திக் கொடுத்தவள். அக்காதான் அவளையும் இந்த வேலைக்குக் கூட்டிவந்தாள்.

ஆபீஸை நடத்தியவன் வயதில் சின்னவன். முதல் நாளே, "என்னை சார்னு கூப்பிடுங்க" என்றான். "சரி தம்பி" என்றாள் அக்கா. ஒரு வாரம் இழுபறி நடந்து, 'சார் தம்பி' என்பதில் இரண்டு தரப்பும் சமாதானமாயின. இன்னொருவர் கண்ணாடிக்காரர். மூலையில் உட்கார்ந்து மிஷினுக்கு வேண்டியதை எழுதித் தருபவர். அவர் குரலை அந்த ஆபீஸில் யாரும் கேட்டதில்லை. தண்ணீர் தீர்ந்துபோனால்கூடக் காலிக் கேனைத் தூக்கிக் காட்டுவார்.

மற்ற ஜோடிகள் எல்லாம் சண்டையில் இருந்தன. ஒருவர் முப்பது போட்டால் மற்றவர் அறுபது போட்டார். கத்தரி, குண்டூசி ஜோடி மட்டும் ஒரே ஆள் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் போட்டது. ஒருத்தி தொண்ணூற்றாறு என்றால் மற்றவள் தொண்ணூற்றைந்து. சார் தம்பி இருவர் பெயரையும் சுவர்ப் பலகையில் எழுதி, அடியில் ஒரு நட்சத்திரமும் போட்டான். தேறிய பாட்டுகளில் பெரும்பாலானவை இவர்கள் போட்டவை என்பதால், மிஷினுக்கு வாத்தியார்கள் இவர்கள் இருவர்தான். மதிப்பெண்கள் ஒத்துப்போகின்றனவா என்று தினமும் பார்த்தார்கள். என்ன மதிப்பெண் என்று யாரும் பார்க்கவில்லை.

மாதக் கடைசி நெருங்கியது. அட்டவணையை வாங்குகிற முதலாளி போனில் கூப்பிட்டார். அவர் செல்போனுக்குப் பாட்டு அனுப்பும் கம்பெனி வைத்திருந்தார். அதில் இரண்டு பொத்தான்கள். மனசு சரியில்லாதவர் 'தேற்று' என்பதைத் தொட்டால் லேசான சோகப் பாட்டு வரும். நன்றாக அழ நினைப்பவர் 'அழவிடு' என்பதைத் தொட்டால் கனமானது வரும். முதலாளி தன் கூட்டாளிகளை வட்டமாக உட்காரவைத்து, 'தேற்று' பொத்தானைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். மகனைப் பறிகொடுத்த தாய் பாடும் பாட்டு வந்திருக்கிறது. கூட்டாளிகளில் ஒருவர் எழுந்து வெளியே போனார். அவர் இன்னும் திரும்பி வரவில்லை.

"அது மட்டும் இல்ல" என்று சார் தம்பி அக்காவையும் குண்டூசியையும் கூப்பிட்டுவைத்துச் சொன்னான். "அழவிடு பொத்தானை அமுக்குனவங்க புகார் எழுதியிருக்காங்க. 'அரை மணி நேரமா முயற்சி பண்றேன், அழுகையே வரல'ன்னு. இந்தத் தாய்ப் பாட்டுக்கு நீங்க ரெண்டு பேரும் என்ன போட்டிருக்கீங்க தெரியுமா? தொண்ணூத்தாறு. தொண்ணூத்தஞ்சு."

"எனக்குத்தான் தொண்ணூத்தஞ்சு" என்றாள் குண்டூசி. "நடுவுல புல்லாங்குழல் கொஞ்சம் இழுத்துருச்சு."

சார் தம்பி அந்தப் பாட்டை வெளியே கேட்கும்படி போட்டான். தாய் அழத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் கத்தரி அக்காவின் முகம் மலர்ந்தது. குண்டூசி மேஜையில் இருந்த ஹெட்போன் வயரைச் சுற்றி மடித்தாள், பேனாவை மூடினாள், தூசியைக் கையால் தள்ளினாள். இரண்டாவது சரணத்தில் இருவருடைய தோளிலும் பை ஏறியிருந்தது.

"எங்க கிளம்புறீங்க?" என்றான் சார் தம்பி.

இருவரும் தங்கள் பைகளைப் பார்த்தார்கள். அவர்களுக்கே தெரியவில்லை.

பிறகு அக்காவுக்குப் புரிந்தது. சட்டைக் கம்பெனியில் கூரையிலேயே ஒலிபெருக்கி இருந்தது. கை ஓய்ந்துவிடக்கூடாது என்று நாள் முழுக்கக் குத்துப் பாட்டாகப் போடுவார்கள். வேலை முடியக் கடைசி அரை மணி நேரம் மட்டும் சூப்பர்வைசரின் சொந்த நேரம். அவருக்கு வாழ்க்கையில் என்ன நடந்ததோ, பாட்டு முழுக்கச் சாவும் பிரிவும்தான். அந்த முதல் அழுகுரல் கேட்டதும் முந்நூறு பேரும் தலை நிமிர்வார்கள். கத்தரியைத் துடைப்பார்கள், ஊசியை எண்ணி டப்பாவில் போடுவார்கள், முடியைச் சரிசெய்வார்கள். யாராவது சாகச் சாக வீடு பக்கத்தில் வந்துகொண்டிருக்கும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சார் தம்பி தலையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, அவ பிள்ளையை இழந்துட்டு அழறா. அதுல சந்தோஷம் எங்க இருக்கு?"

"அழறது அவ தம்பி. சந்தோஷம் எனக்கு. 'கேட்கும்போது உங்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறது'ன்னுதானே உங்க தாள்ல எழுதியிருந்துச்சு? அந்தம்மாவுக்கு எப்படி இருக்குன்னு கேக்கலையே."

அவன் தாளை எடுத்துப் பார்த்தான். அப்படித்தான் எழுதியிருந்தது. எழுதியவன் அவன்தான்.

மறுபடி எல்லாவற்றையும் கேட்டு மதிப்பெண் போட மாதக்கணக்கில் ஆகும். முதலாளி வெள்ளிக்கிழமை நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார். தன் கண் முன்னால் இந்த ஜோடி பத்துப் பாட்டுக்குச் சரியாக மதிப்பெண் போட்டால் வேலை தொடரும், எல்லோருக்கும் நிரந்தரக் கடிதம். சொதப்பினால் கணக்கை முடித்துக்கொள்வார். சார் தம்பி இதைச் சொல்லிவிட்டு, "மத்தவங்க கேட்டா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் போடுங்க, ப்ளீஸ்" என்றான்.

மத்தவங்களுக்கு எப்படி இருக்கும் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. அன்று மாலை அண்ணனுக்கு ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினாள். அவர், "டிவி சத்தம் கேக்கல" என்றார். மகளிடம் கேட்டாள். மகள் துப்பட்டாவுக்குப் பின்னாலிருந்து, "ரொம்பச் சோகமா இருக்கும்மா, நிறுத்தேன்" என்றாள். அடுத்த பாட்டைப் போட்டாள். அது அக்காவுக்கு அவ்வளவாகப் பிடிக்காதது, இருபது கொடுத்தது. மகள், "இது பரவாயில்லை, கேக்கலாம்" என்றாள். அக்கா இன்னும் நாலைந்து போட்டுப் பார்த்தாள். பிறகு அடுப்பில் பாலை வைத்துவிட்டு யோசித்தாள். பால் பொங்கும் முன்பே வழி கிடைத்துவிட்டது. தனக்குத் தோன்றுவதை நூறிலிருந்து கழித்துவிட்டால் போதும். மத்தவங்க மனசு கைக்கு வந்துவிடும்.

மறுநாள் கை கழுவும் தொட்டி பக்கத்தில் குண்டூசியைப் பிடித்தாள்.

"நாளைக்கு எல்லாத்தையும் நூறுல கழிச்சுப் போடுடி."

"எதுக்கு?"

"கழிச்சாத்தான் சரியா வருது. பாத்துட்டேன்."

"எனக்குத் தொண்ணூறு தோணுது, நான் பத்துன்னு எழுதணுமா? அதுக்குப் பேரு பொய்க்கா."

"பொய் இல்லடி, கழித்தல்."

"ஸ்கூல்லயே எனக்குக் கழித்தல் வராது. அதோட, என் மனசுக்குள்ள புகுந்து கழிக்கச் சொல்ல அந்த முதலாளி யாரு? என் மாமியாரே அங்க வந்ததில்ல."

"எனக்கு ஒரு கதவு வேணும்டி" என்றாள் அக்கா. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

குண்டூசி குழாயை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். "முடியாதுக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று முழுக்க அக்கா அதையே நினைத்தாள். குண்டூசி ஒரு முறை முடியாது என்றால் அவளைக் கிரேன் வைத்தும் நகர்த்த முடியாது. அவள் தொண்ணூறு போட்டு, தான் பத்து போட்டால், ஜோடி என்ற மரியாதையும் போய்விடும். இந்த ஆபீஸ் இத்தனை நாள் பார்த்தது ஒத்துப்போவதை மட்டும்தான். அதையாவது காப்பாற்றுவோம், மிச்சம் நடக்கிறபடி நடக்கட்டும் என்று முடிவு செய்தாள். கழிக்காமல், தோன்றுவதையே போடுவது.

வெள்ளிக்கிழமை முதலாளி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டார். சுற்றுகிற நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அதை அவருக்குக் கொடுத்தார்கள். அவர் சுற்றவில்லை. முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாத மனிதர். பாட்டு வியாபாரத்துக்கு எப்படி வந்தார் என்று தெரியவில்லை. அக்காவும் குண்டூசியும் வந்ததும் வராததுமாக முதுகோடு முதுகாக உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். ஒரு வார்த்தை பேச வழியில்லை.

பத்துப் பாட்டு. ரயில் நிலையத்தில் பிரிகிறவர்கள், கண் தெரியாத பாடகர், கல்யாணம் நின்றுபோன பெண், ஒரு வயலின் மட்டும். அக்கா வரிசையாகப் போட்டாள்: தொண்ணூற்றிரண்டு, எண்பத்தெட்டு, பதினைந்து, தொண்ணூற்று நான்கு. போடப் போடச் சலவைக்கடை மாடியில் மருந்துக்கடைக்காரர் தம்பி பெட்டியோடு ஏறுவது தெரிந்தது. பையை மட்டும் இந்த முறை தரையில் வைத்து, அதன் வாரைக் காலால் மிதித்துக்கொண்டாள்.

முடிந்ததும் இரண்டு பேருடைய எண்களும் பெரிய திரையில் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. அக்கா: தொண்ணூற்றிரண்டு. குண்டூசி: எட்டு. அக்கா: எண்பத்தெட்டு. குண்டூசி: பதின்மூன்று. பத்தும் அப்படியே.

அக்கா திரும்பி குண்டூசியைப் பார்த்தாள். குண்டூசிக்குக் கண் கலங்கியிருந்தது.

"அடியே, முடியாதுன்னியே!"

"கதவுன்னு சொன்னியே, வீட்ல போய் எப்படித் தூக்கம் வரும்? என் பையனை வச்சுக் கழிச்சுப் பழகுனேன். நீ ஏன்க்கா கழிக்கல?"

"உனக்காகத்தான்டி கழிக்கல!"

"நல்லா இருக்கு! எனக்காகக் கழிக்காம இருந்தியா? கேட்டியா ஒரு வார்த்தை?"

சார் தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். சுவரில் பலகையும் நட்சத்திரமும் இருந்தன. பக்கத்துச் சுவருக்குத் திரும்பினான். முதலாளி, "ஒண்ணுகூட ஒத்துப்போகலையே" என்றார்.

அப்போதுதான் அந்த ஆபீஸில் யாரும் கேட்டிராத குரல் கேட்டது. சற்றுக் கீச்சுக் குரல். கண்ணாடிக்காரர் எழுந்து நின்றிருந்தார்.

"கூட்டிப் பாருங்க" என்றார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் விரலால் திரையைத் தொட்டார். "தொண்ணூத்திரெண்டும் எட்டும் நூறு. எண்பத்தெட்டும் பதிமூணும் நூத்தி ஒண்ணு. பத்து வரியும் நூறை ஒட்டித்தான் வருது. ரெண்டு பேரும் இன்னும் ஒத்துத்தான் போறாங்க. ஒருத்தங்க தலைகீழா நிக்கிறாங்க, அவ்வளவுதான். இவங்க போட்டது எல்லாமே சீரா தலைகீழா இருக்குன்னா, பழசை மறுபடி கேக்க வேண்டாம். நூறுல கழிச்சா போதும். நான் ஒரு வரி எழுதுனா முழு அட்டவணையும் திரும்பிடும்."

இவ்வளவு பேசியது அவருக்கே களைப்பாக இருந்திருக்க வேண்டும். உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகு அந்த ஒரு வரியை எழுதினார்.

மிஷின் மறுபடி கற்றுக்கொள்ளும்வரை முதலாளி அசையாமல் இருந்தார். அது முடிந்ததும் செல்போனை எடுத்து 'தேற்று' பொத்தானைத் தொட்டார். ஒரு பாட்டு வந்தது. மெதுவாக, யாரும் சாகாமல், யாரோ ஒருவர் மழைக்கு ஒதுங்கி நின்று பாடுவது. முழுப் பாட்டையும் கேட்டார்.

"தேறிடுச்சு" என்றார். முகம் மாறவில்லை.

பிறகு அவர் 'அழவிடு' பொத்தானையும் தொட்டார். அந்தப் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கைக்குட்டையைத் தேடினார். சார் தம்பி ஒரு பெருமூச்சு விட்டான். அக்காவும் குண்டூசியும் அதற்குள் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடிதம் மாலையில் கைக்கு வந்தது. கொடுக்கும்போது சார் தம்பி இருவரையும் உட்காரவைத்துச் சொன்னான்: "இனிமே உங்களுக்கு என்ன தோணுதோ அதை மட்டும் போடுங்க. கழிக்கிற வேலை எங்களோடது. தயவுசெஞ்சு யாரும் வீட்லயே கழிச்சிட்டு வராதீங்க."

"நான் முதல்லயே சொன்னேன்" என்றாள் குண்டூசி.

வீட்டுக்காரம்மா கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை படித்தார். "அது சரி, நீ அங்க என்னதான் பண்ற?"

"சோகப் பாட்டைக் கேட்டுச் சந்தோஷப்படணும்மா. எவ்வளவு சந்தோஷம்னு எழுதித் தரணும்."

"எங்க நாத்தனார் அதைச் சும்மாவே பண்ணுவா. நீ வாடகையை ஒண்ணாந் தேதி குடு" என்று சாவியைக் கொடுத்தார்.

மறுநாள் அண்ணன் இரண்டு நடை பெட்டிகளைத் தூக்கி வந்தார். அண்ணி ஒரு பழைய கடாயும் புது விளக்குமாறும் கொடுத்தாள். ஹாலில் இனி நிம்மதியாக டிவி பார்க்கலாம் என்று அக்கா அண்ணனிடம் சொன்னதற்கு, அவர், "தூங்குறப்ப யாரு அணைப்பா?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போனார்.

கடைசிப் பெட்டியை எடுக்க அக்கா கீழே போய் வந்தாள். அதற்குள் மகள் கதவைச் சாத்தியிருந்தாள். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம், எடுக்கும் சத்தம், மறுபடி போடும் சத்தம். அக்கா பெட்டியும் கையுமாக நின்றாள்.

"ஏய், திறடி. கை வலிக்குது."

"தட்டிட்டு வாம்மா" என்றது உள்ளிருந்து குரல்.

அக்கா பெட்டியைக் கீழே வைத்தாள். கதவைத் தட்டினாள்.

கதை இவ்வளவுதான். படித்துவிட்டு இதை உங்களோடு மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாராவது மற்றவர்களுக்கு மதிப்பெண் போடுகிற வேலையில் இருந்தால், முதலில் அவர்களிடம் சொல்லுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால், ஒரே ஹாலில் படுக்கிறவர்கள் யாரிடமாவது சொல்லுங்கள்.